சாவியக்கா பார்த்த பச்சை நிறம்

தெருவில் எல்லோரும் அவளைச் சாவியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மாமியார் உயிரோடு இருந்தவரை அவரும் அப்படித்தான் கூப்பிட்டார். மருமகளைப் போய் அக்கா என்கிறோமே என்று அந்த அம்மாள் ஒருநாளும் யோசித்ததாகத் தெரியவில்லை. இடுப்பில் செருகிய வளையத்தில் நான்கு வீடுகளின் சாவிகள் தொங்கும். நான்கும் ஒரே வீட்டுக்காரம்மாவுக்குச் சொந்தம். அவர் வேறு ஊரில் இருந்துகொண்டு, இரண்டு நாள், ஒரு வாரம் என்று தங்க வருகிறவர்களுக்கு அந்த வீடுகளை இணையத்தின் வழியாக வாடகைக்கு விட்டார். ஒருவர் கிளம்பி அடுத்தவர் வருவதற்குள் வீட்டைப் புது வீடாக்கி வைப்பது சாவியக்காவின் வேலை.

முன்பு ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் இருந்தவள். விடுதியை இடித்தபோது வேலை போயிற்று, கைப்பழக்கம் போகவில்லை. அவள் விரிப்பை உதறிப் போட்டால் எல்லா ஓரமும் ஒரே அளவில் தொங்கும். குளியலறைத் தரையைக் கடைசியாக வெள்ளைத் துணியால்தான் துடைப்பாள். வெள்ளையில்தான் முடி தெரியும். குழாயைத் துடைத்துவிட்டுத் தன் முகம் அதில் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பாள். "முகம் பாக்கறதுக்கு வீட்டுல கண்ணாடி இருக்கே" என்று கணவர் கேலி செய்வார். அவர் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைக்கிறவர். வாய்க்கும் ஊசிக்கும் ஓய்வு கொடுக்காதவர்.

இப்படி எல்லாவற்றையும் கட்டி ஆண்டவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. நாய். சின்ன வயதில் அம்மாவோடு வீடு வீடாகப் போய்க் காலி பாட்டில் வாங்கிய காலத்தில், தாழ் போடாத ஒரு கேட்டுக்குப் பின்னாலிருந்து வந்த நாய் அவளுடைய கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. தழும்பு மங்கிவிட்டது, பயம் அப்படியே நின்றுவிட்டது. எந்தத் தெருவில் எந்த நாய் எந்நேரம் எங்கே படுத்திருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். அதற்கேற்றபடி சுற்றிச் சுற்றிப் போவாள். "உன்கூடக் கடைக்குக் கிளம்பினா ஊரையே காட்டிடறே" என்பார் தையல்காரர்.

ஒருநாள் வீட்டுக்காரம்மா போன் செய்தார்.

"அக்கா, மாடி வீட்டுக்கு ஒரு வக்கீலம்மா வர்றாங்க. கண்ணு தெரியாதவங்க. ஒரு கேஸுக்காக ஒரு வாரம் தங்கறாங்க. வழிகாட்டற நாயும் கூட வருது."

சாவியக்கா கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "நாயெல்லாம் கூடாதுன்னு நாமதானே போர்டு போட்டிருக்கோம்மா?"

"அது வளக்கற நாய்க்கு. இது வேலை செய்யற நாய். முடியாதுன்னு சொல்லக் கூடாது, கூடக் காசு கேக்கக் கூடாது. சொன்னா நெட்டுலேருந்து நம்ம நாலு வீட்டையும் தூக்கிடுவாங்க. அதுவும் வக்கீல் வேற."

"கட்டியாவது போடுவாங்களாம்மா?"

"அவங்க கண்ணையே கட்டிப்போடச் சொல்றீங்களா?"

சாவியக்கா மனதுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். வாசலில் எண் போட்டுத் திறக்கும் சாவிப் பெட்டி ஒன்று இருந்தது. சாவியை அதில் வைத்துவிட்டு, அவர்கள் வருவதற்கு வெகுமுன்னரே போய்விட வேண்டும். போகிற அன்று, நாய் தெருமுனை தாண்டிய பிறகுதான் படியேற வேண்டும். வக்கீலம்மா தன்னைப் பார்க்கப்போவதில்லை. தான் நாயைப் பார்க்க வேண்டியதில்லை.

மாடி வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்குக் கீழே ஒரு தானியக் கிடங்கு. கிடங்கில் எலி, எலிக்கு மாடி ஒரு பொருட்டே இல்லை. சாவியக்கா எவ்வளவு துடைத்தாலும் அவை குழாய் வழியே ஏறி வந்தன. "எலிங்கற வார்த்தை வந்து தங்கறவங்க காதுல விழவே கூடாது" என்று வீட்டுக்காரம்மா ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் சாவியக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஒருவர் கிளம்பியதும் பச்சை நிற மருந்துக் கட்டிகளை ஜாம் பாட்டில் மூடிகளில் வைத்து, பிரிட்ஜுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், கட்டிலுக்கு அடியில் என்று மூன்று இடத்தில் போடுவாள். அடுத்தவர் வருகிற அன்று, எல்லா வேலையும் முடிந்தபின் கடைசி வேலையாக மூடிகளைப் பொறுக்கித் தகர டப்பாவில் போட்டுப் பூட்டிவிடுவாள். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

வக்கீலம்மா வருகிற அன்று சாவியக்கா தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். மதியந்தான் ஆகியிருந்தது, சாயங்காலம்தான் வருவதாகப் பேச்சு. கீழே வண்டி நின்ற சத்தம். பிறகு மரப்படியில் ஒரு சத்தம். செருப்புச் சத்தத்தோடு கலந்து, டிக் டிக் டிக்கென்று நகம் படும் சத்தம்.

அவள் என்ன செய்தாள் என்று பின்னால் அவளுக்கே சரியாக நினைவில்லை. தலையணையைப் போட்டாள். வாளியையும் துடைப்பத்தையும் டப்பாவையும் வாரிக்கொண்டு பின்பக்க இரும்புப் படி வழியாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தெருவுக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டாள். சாவி பெட்டியில் இருந்தது, படுக்கை விரித்தாயிற்று, தப்பித்தோம் என்றே நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து துணிகளை அலசிப் போட்டுவிட்டு, தகர டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைக்கத் தூக்கினாள். டப்பா லேசாக இருந்தது. ஆட்டிப் பார்த்தாள். சத்தமே வரவில்லை.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றார் தையல்காரர், மெஷினை நிறுத்தாமல்.

"மூடிங்களை எடுக்காம வந்துட்டேங்க."

"எந்த மூடி?"

"எலி மருந்து."

மெஷின் நின்றது. ஆனாலும் வாய் பழக்க தோஷத்தில் ஓடியது. "வக்கீலோட நாய்தானே. எதையும் படிச்சுப் பாக்காம வாயில வைக்காது." சொன்னவர் அவள் முகத்தைப் பார்த்தார். "சும்மா சொன்னேன். வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போடு."

போட்டாள். அணைத்து வைத்திருந்தது. அன்று விமானத்தில் போவதாக அவர் சொல்லியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வக்கீலம்மாவின் எண் இவளிடம் இல்லை.

"நான் கூட வரட்டுமா?"

"வந்து? எங்க வெச்சேன்னு உங்களுக்குத் தெரியுமா? ரெண்டு பேர் போனா ஏன் வந்தீங்கன்னு கேப்பாங்க. நான் ஏதாவது சொல்லிட்டு எடுத்துட்டு வந்துடறேன்."

அதாவது, போகும்போது உண்மையைச் சொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. தகர டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் அவள் பொய்யைத்தான் பழகிக்கொண்டு போனாள். தொட்டிக்கு அடியில் தண்ணீர் ஒழுகுகிறது, பார்த்துவிட்டுப் போக வந்தேன். கண் தெரியாதவரின் வீட்டில் மூன்று மூடிகளைச் சத்தமில்லாமல் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? இந்த எண்ணம் வந்தபோது அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தும் நடையை வேகமாக்கினாள். அன்று எந்த நாய் எங்கே படுத்திருந்தது என்று அவள் பார்க்கவில்லை.

கதவைத் தட்டினாள். உள்ளே டிக் டிக்கென்று நகச் சத்தம் வந்து கதவுக்கு அந்தப்பக்கம் நின்றது. கெண்டைக்கால் தானாக இழுத்துக்கொண்டது.

"யாரு?"

"சாவியக்காங்க. வீடு பாத்துக்கறவ. குழாய் ஒழுகுது, பாத்துட்டுப் போயிடறேன்."

கதவு திறந்தது. வக்கீலம்மாவுக்கு முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். பக்கத்தில், அவள் இடுப்புயரத்துக்கு, வைக்கோல் நிறத்தில் அது நின்றது. முதுகில் வாரோ பிடியோ ஒன்றும் இல்லை.

"வாங்கக்கா. தம்பி, வழி விடு."

தம்பி என்றது நாயை. அது இரண்டடி நகர்ந்தது. சாவியக்கா சுவரோடு சுவராக ஒட்டி உள்ளே போனாள்.

"கயிறு... கட்டலீங்களா?"

"பிடியைக் கழட்டிட்டா அவனுக்கு லீவு. புது வீடுன்னா மூலை மூலையா மோந்து பாத்துட்டுத்தான் படுப்பான். வந்ததுலேருந்து அதுதான் வேலை."

சாவியக்கா தொட்டிக்கு அடியில் கையை விட்டாள். மூடி இருந்தது, கட்டியும் இருந்தது. பிரிட்ஜுக்குப் பின்னாலும் இருந்தது. இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"படுக்கையறையில ஜன்னல் கொக்கி ஒண்ணு..." என்று முனகியபடி உள்ளே போய்க் குனிந்தாள். கட்டிலுக்கு அடியில் மூடி கவிழ்ந்து கிடந்தது. தூக்கிப் பார்த்தாள். துடைத்துவைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

எலி தூக்கிப் போயிருக்கலாம். தினமும் தூக்கிப் போகிறதுதானே. இப்போது எழுந்து, குழாய் சரியாகிவிட்டது என்று சொல்லி, படியிறங்கிப் போய்விடலாம். இந்தக் கணக்கைப் போட்டபடி அவள் தரையிலேயே முழங்காலிட்டிருந்தாள். நாய் அறை வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அது வாயைச் சப்புக்கொட்டியது.

"அம்மா," என்றாள் சாவியக்கா. "குழாய் ஒழுகலை. இங்க எலி மருந்து வெச்சிருந்தேன். எடுக்காம போயிட்டேன். ரெண்டு இருக்கு. ஒண்ணைக் காணோம்."

சாவியக்கா அடியோ திட்டோ எதிர்பார்த்தாள். இரண்டும் வரவில்லை. வக்கீலம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "தம்பி, வா" என்றாள். நாய் வந்து அவள் மடியில் தலையை வைத்தது.

"மருந்து என்ன நிறம்?"

"பச்சை."

"வாயைத் திறந்து நான் பிடிச்சுக்கறேன். நிறம் எனக்குத் தெரியாது. நீங்கதான் பாக்கணும்."

"நானா?"

"வேற யாரு இருக்காங்க இங்க?"

சாவியக்கா போனில் விளக்கைப் போட்டு நீட்டினாள்.

"பக்கத்துல வாங்கக்கா. உங்க குரல் ஜன்னல்கிட்டேருந்து வருது. அங்கேருந்து என்ன தெரியும்?"

"கடிக்காதா?"

வக்கீலம்மா கொஞ்சம் யோசித்தாள். "இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்லை. ஆனா நான் இப்போ பயந்துபோயிருக்கேன். அது அவனுக்குத் தெரியும். கடிக்க மாட்டான்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

பயப்படாதே, ஒன்றும் செய்யாது என்று ஆயுள் முழுக்க எத்தனையோ நாய்க்காரர்கள் சாவியக்காவிடம் சொல்லியிருந்தார்கள். அதில் ஒரு வார்த்தையையும் அவள் நம்பியதில்லை. இந்தப் பதிலை நம்பினாள். அதனாலேயே பயம் இரண்டு மடங்காயிற்று. முழங்காலால் நகர்ந்து நகர்ந்து கிட்டே போனாள். வக்கீலம்மா நாயின் மேலுதட்டைத் தூக்கினாள். பற்கள். சின்ன வயதில் காலில் இறங்கியவை இந்த மாதிரிதான் இருந்திருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தின் ஆவி மாதிரி மூச்சுக்காற்று அவள் கன்னத்தில் அடித்தது. விளக்கை வாய்க்குள் காட்டினாள்.

"முன்னாடி ஒண்ணுமில்லை."

"பின்னாடி. கடைவாய்ப்பல்."

இன்னும் குனிந்தாள். கடைவாய்ப்பல்லின் இடுக்கில், பாசி பிடித்த மாதிரி, பச்சை.

"இருக்கு," என்றாள்.

வக்கீலம்மா போனில் கூப்பிட்ட டாக்சி வந்தது. டிரைவர் இறங்கி நாயைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறப் போனார். "நாயெல்லாம் ஏத்த மாட்டேங்க. சீட்டு முழுக்க முடியாயிடும்."

வக்கீலம்மா சட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். சாவியக்கா நடுவில் புகுந்தாள். "அண்ணே, முடி விழுந்தா நான் பொறுக்கித் தர்றேன். அதுதான் என் பொழப்பே. இது விஷத்தைத் தின்னிருக்கு. வண்டியை எடுங்க."

டிரைவர் எடுத்தார். பின்சீட்டில் வக்கீலம்மா ஒரு பக்கம், சாவியக்கா ஒரு பக்கம், கால்மாட்டில் நாய். அதன் எடை முழுவதும் சாவியக்காவின் பாதத்தில் சாய்ந்திருந்தது. பாதத்தை இழுக்கப் பார்த்தாள். இழுத்தால் அது எழுந்துகொள்ளும். விட்டுவிட்டாள். மூடிகளைப் போட்டு மடியில் வைத்திருந்த தகர டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்கறதுக்கு ஏன் மறந்தீங்க?" என்று வக்கீலம்மா கேட்டாள். குரலில் நீதிமன்றத்தின் சாயல் ஏறியிருந்தது.

"மறக்கலை. படியில இதோட நகச் சத்தம் கேட்டுச்சு. பின்பக்கமா ஓடிட்டேன். எனக்கு நாய்னா பயம்."

வக்கீலம்மாவின் கை நாயின் விலா மேல் இருந்தது. ஒவ்வொரு மூச்சையும் எண்ணுவதுபோல் விரல்கள் ஏறி இறங்கின.

விலங்கு மருத்துவமனையில் டாக்டர் டப்பாவிலிருந்த மிச்சக் கட்டியை வாங்கி, டப்பாவின் மேல் ஒட்டியிருந்த மருந்துச் சீட்டைப் படித்தார். "இது ரத்தத்தை உறைய விடாத மருந்து. உடனே ஒண்ணும் தெரியாது. நல்லா ஓடும், ஆடும், நாம ஒண்ணுமில்லைன்னு நினைச்சுக்குவோம். அப்புறம்தான் உள்ளுக்குள்ள ரத்தம் கசியும்." ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் நாய் வாந்தி எடுத்தது. தரை முழுக்கப் பச்சை. சாவியக்காவின் கை துடைக்கத் துணியைத் தானாகத் தேடியது.

"பெரும்பாலும் வந்துடுச்சு. ஆனா எவ்வளவு உள்ள போச்சுன்னு இப்போ சொல்ல முடியாது. ரெண்டு நாள் கழிச்சு ரத்தம் உறையற நேரத்தைப் பாக்கணும். அதுவரைக்கும் நடக்க வைக்காதீங்க, வேலை வாங்காதீங்க. காலையும் சாயங்காலமும் ஈறு வெளுக்குதான்னு பாருங்க. வெளுத்தா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காம..." டாக்டர் வக்கீலம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்.

"நான் பாக்கறேங்க," என்றாள் சாவியக்கா. யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது அவளுக்கு.

அன்றிரவு வீட்டுக்காரம்மா போனை எடுத்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"எலின்னு சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேம்மா."

"அந்த நாய்க்கு மட்டும் ஏதாவது ஆச்சுன்னா, அக்கா, சாவியெல்லாத்தையும் கீழே கிடங்குல குடுத்துட்டுப் போயிடுங்க."

அவள் அதை மறுக்கவில்லை. அந்நேரம் அவள் மனதில் ஓடியது சாவி அல்ல. டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை: நல்லா ஓடும், ஆடும்.

மறுநாள் காலை போனாள். கதவு திறந்ததும் நாய் வாலை ஆட்டியது. அது சோர்ந்து படுத்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. வக்கீலம்மா உதட்டைத் தூக்கினாள், இவள் குனிந்தாள். சிவப்பு.

"சிவப்புன்னா எப்படிச் சிவப்பு?" என்று வக்கீலம்மா கேட்டாள்.

"நல்லா விளையாடிட்டு வந்த குழந்தையோட உள்ளங்கை இருக்கும்ல, அப்படி."

வக்கீலம்மா தன் உள்ளங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். வழக்கு இன்னும் மூன்று நாளில். வீட்டிலிருந்து நீதிமன்றம் வரைக்கும் நாய்க்கு வழி பழக்கத்தான் முன்கூட்டியே வந்திருந்தாள். இப்போது நாயும் அவளும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். "இவன் இல்லாம எனக்கு நடக்கத் தெரியாதுன்னு இல்ல. குச்சி இருக்கு. ஆனா ஏழு வருஷமா என் இடது கை அவன்கிட்டத்தான் இருக்கு" என்றாள்.

அன்று சாயங்காலம் சாவியக்கா வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. படுக்கையறை விளக்கைப் போட்டுவிட்டுக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஈறு காலையில் பார்த்த நிறத்தில் இல்லை. மஞ்சளாக, மெழுகு மாதிரி இருந்தது.

"என்னக்கா?"

"இருங்க."

"என்ன நிறம்?"

"இருங்கம்மா."

"வெளுத்திருக்கா? சொல்லுங்க. வெளுத்திருக்கா?" வக்கீலம்மாவின் கை உதட்டிலிருந்து நழுவி நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நாய் முதல்முறையாக உறுமியது. மெல்லத்தான். ஓடிவிடு என்றது சாவியக்காவின் கால். அவள் நிமிர்ந்து தன் கையைப் பார்த்தாள். கையும் மஞ்சளாக இருந்தது. படுக்கை விரிப்பு, சுவர், எல்லாம் மஞ்சள். இணையத்தில் போடப் படமெடுத்தால் அழகாக இருக்கும் என்று வீட்டுக்காரம்மா சொல்லி, மூன்று அறையிலும் மஞ்சள் பல்பைத் தானேதான் மாட்டியிருந்தாள்.

"பால்கனிக்குக் கூட்டிட்டு வாங்க. சீக்கிரம். வெளிச்சம் போறதுக்குள்ள."

பால்கனியில் வானத்தின் கடைசி வெளிச்சம் மிச்சமிருந்தது. நாய் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. சாவியக்கா அதன் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்தாள்.

"சிவப்பு. சிவப்புதான். பல்பு பண்ணின வேலைம்மா." சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு வக்கீலம்மா, "நாளைக்கே பல்பை மாத்துங்க. இல்லேன்னா கேஸ் போடுவேன்" என்றாள். அது வேடிக்கையா நிஜமா என்று சாவியக்காவுக்குப் புரியவில்லை. மறுநாள் காலை வெள்ளைப் பல்போடு போனாள்.

டாக்டர் சொன்ன இரண்டு நாள் முடிந்து, அன்று மதியம் மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். முன்னங்காலில் ஒரு சிறு திட்டை மழித்து ஊசி ஏற்றியபோது வக்கீலம்மா நாயின் தலையைப் பிடித்திருந்தாள். பஞ்சை வைத்து அழுத்தியதும் ரத்தம் நிற்கிறதா என்று சாவியக்கா பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே காத்திருந்தார்கள். பெஞ்சியில் பூனைக்கூடையோடு இருந்தவர் எழுந்து போனார், இன்னொருவர் வந்தார். தையல்காரர் போன் செய்தார்; அவள் எடுக்கவில்லை.

"நல்லபடியா வந்தாலும் நான் நெட்டுல எழுதத்தான் போறேன்," என்றாள் வக்கீலம்மா திடீரென்று. "அந்த வீட்டுல எலி மருந்து இருந்துச்சுன்னு. அடுத்து என்னை மாதிரி வர்றவங்களுக்குத் தெரியணும்."

"எழுதுங்கம்மா."

"திரும்பி வந்து சொன்னீங்கன்னும் எழுதுவேன்."

சாவியக்காவுக்கு அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உண்மையில் குழாய் ஒழுகுகிறதென்று சொல்லிக்கொண்டுதானே வந்தாள்.

கதவைத் திறந்து டாக்டர் வந்தார். கையில் ஒரு சீட்டு. "உறையற நேரம் சரியா இருக்கு. மருந்து உள்ள சேரலை. பயமில்லை, கூட்டிட்டுப் போகலாம்."

வக்கீலம்மா குனிந்து நாயின் காதுக்குள் ஏதோ சொன்னாள். சாவியக்கா சீட்டைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். அது வாலை ஆட்டியது. முந்தின நாள் காலையும் ஆட்டியதுதான்.

"அம்மா, உதட்டைக் கொஞ்சம் தூக்குங்க."

"அதான் சரியா இருக்குன்னு சொல்லிட்டேனே," என்றார் டாக்டர்.

"எதுக்கும் ஒரு தடவை பாத்துடறேங்க."

வக்கீலம்மா தூக்கினாள். சாவியக்கா பயந்துகொண்டே குனிந்து, வெள்ளை விளக்கில் ஒரு பக்கம் பார்த்தாள், மறுபக்கம் பார்த்தாள், பின் பற்களின் இடுக்கையும் பார்த்தாள்.

"சிவப்புதான்," என்றாள்.